உன் ஒன்று, என் இரண்டு

மார்ச் 4

மைக் அம்மாவுக்கு,

உன் முகவரி கேட்டு மகளுக்கு எழுதியிருந்தேன். அனுப்பிவிட்டாள். கூடவே இரண்டு வரி: "நீங்க ரெண்டு பேரும் என்ன சின்னப் பிள்ளைங்களாப்பா? நடுவுல நான் என்ன தபால் பெட்டியா?" எழுத்தில்கூட அவளுக்கு உன் குரல்தான் வருகிறது.

நீ மாற்றல் வாங்கிக்கொண்டு போய் நான்கு மாதம் ஆகிறது. சும்மா எழுதவில்லை, ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். நீ போவதற்கு முன்னால் நம் வண்டிக்குப் பெரிய பிரேக் செட் வந்ததே, அதை மாட்ட ஆரம்பித்துவிட்டேன். தகர மூடி அடிக்கிற வேலையில் எனக்கு இப்போது ஒரே ஷிப்ட்தான். மதியத்துக்கு மேல் முழுக்க ஷெட்டில் இருக்கிறேன். வண்டி நான்கு ஸ்டாண்டுகளின் மேல் நிற்கிறது. பழைய டிஸ்க்கைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. மலைப்பாதையில் சூடேறிச் சூடேறி ஓரமெல்லாம் நீலம் பாரித்துக் கிடக்கிறது. மகள் பிறப்பதற்கு முன்பிருந்து இதை நம்பித்தான் இறங்கியிருக்கிறோம்.

புது டிஸ்க் அதைவிட மூன்று விரல் அகலம் கூடுதல். அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரும் பெரியது, ஒவ்வொன்றிலும் நான்கு பிஸ்டன். ஒரு ஆள் தள்ளினாலே நகர்ந்துவிடுகிற இரண்டு சீட்டு வண்டிக்கு இது அதிகம்தான். இருக்கட்டும். இனி இந்த வண்டி நிற்கவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது.

விஷயத்துக்கு வருகிறேன். செட்டோடு ஒரு காகிதம் வந்தது, எதை எப்படி மாட்டுவது என்று படம் போட்டு. பெட்டியைப் பிரித்தது நீ. வலது கை மாவுக்கட்டில் இருந்ததால் இடது கையால் இரண்டு காலிப்பர் பெட்டிகளின் மேலும் எண் போட்டாய். கோழிக் கிறுக்கலாக ஒரு ஒன்று, ஒரு இரண்டு. அவை இருக்கின்றன. காகிதத்தை மட்டும் காணோம். சமையலறை அலமாரி, உன் தையல் டப்பா, பரண் எல்லாவற்றையும் புரட்டிவிட்டேன். எங்கே வைத்தாய்?

வேலை முடிந்ததும் மலையைத் தாண்டி உன் ஊர்ப்பக்கம் ஒரு தடவை வரலாம் என்று இருக்கிறேன். பிரேக்கைக் காட்டத்தான்.

போன் செய்யாதே. கடிதம் எழுது. போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் வரும்.

வீட்டில் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறது. கலைக்க ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான் போக மாட்டேன் என்கிறது.

தகரம்


மார்ச் 11

ஐயா,

போன் செய்யாதே என்று உத்தரவு போட்டிருக்கிறீர்கள். இந்த நான்கு மாதத்தில் மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் எடுத்தீர்கள், "ஹலோ, ஹலோ" என்றீர்கள், "நான்தாங்க பேசறேன்" என்று நான் சொல்லச் சொல்ல வைத்துவிட்டீர்கள். என் குரல் அவ்வளவு கசந்து போயிருக்கிறது. சரி, கடிதம் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அதிலேயே இருக்கும் அல்லவா?

காகிதம் என்னிடம் இல்லை. தேடிப் பார்க்க இங்கே அலமாரியும் கிடையாது, பரணும் கிடையாது. ஸ்டேஷன் மாடியில் ஒரு அறை. ஒரு கட்டில், ஒரு மேஜை, மூன்றாம் பிளாட்பாரத்தைப் பார்க்கிற ஒரு ஜன்னல். விடியற்காலையிலிருந்து பிற்பகல் இரண்டு மணி வரை கீழே மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். "பயணிகளின் கவனத்திற்கு" என்று நான் வாயைத் திறந்தால் ஒரு பிளாட்பாரமே எழுந்து மூட்டையைத் தூக்குகிறது. மாடிக்கு வந்து கதவைச் சாத்தினால் பேச ஒரு ஆள் இல்லை. எனக்கு இது புதிதும் இல்லை. கடைசி ஐந்தாறு வருஷம் உங்களோடும் இப்படித்தான் இருந்தேன். நான் சொல்வது எதையும் நீங்கள் காதில் போட்டுக்கொண்டதில்லை. அங்கே நீங்கள், இங்கே சுவர். சுவர்மேல் கோபம் வருவதில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

பெரிய பிரேக் மாட்டுகிறீர்களாம். பிரேக் சின்னது என்பதாலா நான் நம் வீட்டு கேட்டில் போய் மோதினேன்? வருஷா வருஷம் செய்வதைத்தானே அன்றைக்கும் செய்தோம். பிரேக் குழாயில் சேர்ந்த காற்றை எடுக்க நான் சீட்டில், நீங்கள் சக்கரத்தடியில். நீங்கள் "அழுத்து" என்பீர்கள். நான் பெடலை அழுத்திப் பிடித்து "ஆச்சு" என்பேன். நீங்கள் நிப்பிளைத் திறந்து, ஆயிலோடு காற்றை வெளியே விட்டு, மூடிவிட்டு "விடு" என்பீர்கள். அன்றைக்கு என் செருப்பு வழுக்கிக் கால் நழுவியது. "மூடுங்க! கால் நழுவிடுச்சு!" என்று கத்தினேன். நீங்கள் மூடவில்லை. திறந்த நிப்பிள் வழியாகக் காற்று உள்ளே போயிற்று. அப்புறமும் சொன்னேன், "பெடல் மெத்துனு இருக்குங்க" என்று. நீங்கள் தலையை ஆட்டினீர்கள். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் சரிவில் வண்டியை இறக்கினேன்.

கை ஆறு வாரத்தில் சேர்ந்துவிட்டது. மோதிய இடத்துக்கு ஓடி வந்து முதல் வார்த்தையாக ஒன்று சொன்னீர்களே, "நீ சரியாச் சொல்லல" என்று, அது இன்னும் சேரவில்லை. இருபத்தெட்டு வருஷமாக மைக்கில் பேசுகிறேன். என் பேச்சைக் கேட்டு ஒரு ஆள் தவறான ரயிலில் ஏறியது கிடையாது. எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாதாம்!

வர வேண்டாம். பிரேக்கை எனக்குக் காட்டவும் வேண்டாம்.

அறிவிப்பாளர்


மார்ச் 23

மைக் அம்மாவுக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பதில் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு வேலையைப் பற்றி எழுதுகிறேன். எனக்கு அதுதான் வரும்.

டிஸ்க் இரண்டும் உட்கார்ந்துவிட்டன. காலிப்பர் மாட்டிச் சக்கரத்தை வைத்தால் சுற்றவில்லை, உள்பக்கம் இடித்தது. பட்டறையில் சொல்லி ஐந்து மில்லிமீட்டரில் இரண்டு வளையம் கடைந்து வாங்கி டிஸ்க்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கொடுத்தேன். இப்போது ஒரு தபால் அட்டை நுழைகிற இடைவெளி இருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ் வெடித்துப் போயிருந்தது, அதையும் மாற்றிவிட்டேன். பிரேக் ஆயில் ஒரு சொட்டு மட்கார்டில் விழுந்ததைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். மஞ்சள் பெயிண்ட் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்துவிட்டது. நீ இருந்திருந்தால் துணியோடு ஓடி வந்திருப்பாய், திட்டியும் இருப்பாய்.

காகிதம் இல்லாததால் உன் எண்களைப் பார்த்துத்தான் காலிப்பரை மாட்டினேன். சக்கரத்துக்கு எண் போடுவதில் நமக்குள் எத்தனை சண்டை! நான் வண்டிக்கு முன்னால் நின்று இடமிருந்து எண்ணுவேன். நீ சீட்டில் உட்கார்ந்து இடமிருந்து எண்ணுவாய். உன் ஒன்று என் இரண்டு. ஒரு தடவை நீ ஒன்றாம் சக்கரத்தில் காற்று இறங்கியிருக்கிறது என்று சொல்ல, நான் எதிர்ப்பக்கத்துக்குக் காற்றடித்து அனுப்பினேன், ஞாபகம் இருக்கிறதா? இந்தத் தடவை எந்தச் சண்டையும் இல்லாமல் உன் கணக்குப்படியே மாட்டிவிட்டேன். உன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, உன் இடது கைப்பக்கம் ஒன்று, வலது கைப்பக்கம் இரண்டு என்று எண்ணிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுத்தேன்.

ஏர் எடுப்பதுதான் பெரும்பாடு. அது ஒற்றை ஆள் வேலை இல்லை. துடைப்பக் குச்சியை அளவாக வெட்டி, பெடலை அழுத்தி, பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் முட்டுக் கொடுக்கிறேன். பிறகு இறங்கி வந்து, சக்கரத்தடியில் மல்லாந்து படுத்து, காலிப்பரின் அடியில் இருக்கிற நிப்பிளைத் திறக்கிறேன். ஆயில் முழங்கை வரை வழிகிறது. மூடுகிறேன், எழுந்து போய்க் குச்சியை எடுக்கிறேன், மறுபடி வைக்கிறேன். சாவி போட்டிருந்தால் பெடல் அழுந்தியிருக்கும்வரை பின்னால் பிரேக் விளக்கு எரிந்து ஷெட்டின் சுவர் சிவப்பாகத் தெரிகிறது. கீழே படுத்துக்கொண்டு அதைப் பார்த்தால் சீட்டில் யாரோ உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது. எழுந்து பார்த்தால் குச்சி. முதல் நாள் அதற்கே வேலையை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பத்து நாளில் மூன்று பாட்டில் ஆயில் தீர்ந்துவிட்டது. வெளியே வருகிற ஆயிலில் ஒரு குமிழிகூட இல்லை. பெடல் மட்டும் மெத்தென்றே இருக்கிறது. எங்கே காற்று இருக்கிறது என்று பிடிபடவில்லை. மூன்று தடவை தொடர்ந்து மிதித்தால் கெட்டியாகிறது. மூன்று தடவை மிதித்து ஓட்டிக்கொள்கிறேன்.

வர வேண்டாம் என்று எழுதினாய். வருகிறேன். உன் எதிரில் நின்று சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, எழுத வரவில்லை. 30ஆம் தேதி, ஞாயிறு, காலை எட்டு மணிக்குக் கிளம்புகிறேன். கதவைத் திறக்காவிட்டால் பிளாட்பாரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

தகரம்


மார்ச் 29, சனி

தகரத்துக்கு,

உங்கள் கடிதம் இன்று மதியம்தான் வந்தது. நாளைக் காலை எட்டு மணி என்று போட்டிருக்கிறீர்கள். இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேர ஐந்து நாள் ஆகும் என்று தெரியும். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். மனசு அடங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

காகிதம் என்னிடம்தான் இருக்கிறது. ஒற்றைக் கையால் பெட்டி கட்டும்போது கிடைத்த காகிதத்தில் என் பூட்ஸைச் சுற்றினேன். வந்த நாளிலிருந்து அது கட்டிலுக்கு அடியில் பிரிக்காமல் கிடந்தது. இன்று பிரித்தேன். படத்தில் நிப்பிள் மேலே பார்த்து இருக்கிறது. பெரிய எழுத்தில் போட்டும் இருக்கிறது: நிப்பிள் மேலே வர வேண்டும், இரண்டு காலிப்பரையும் பக்கம் மாற்றி மாட்டினால் அது கீழே போய்விடும், காற்று மேலேயே தங்கிவிடும். நீங்கள் மல்லாந்து படுத்து அடியில் திறக்கிறீர்கள். தலைகீழாக நின்றாலும் அந்தக் காற்று போகாது. மலையிறக்கத்தில் மூன்று தடவை மிதிக்க உங்களுக்கு யார் நேரம் கொடுப்பார்கள்?

தப்பு என்னுடையது. அந்தப் பெட்டிகளில் நான் எழுதியது என் எண் இல்லை. உங்கள் எண். வண்டிக்கு முன்னால் போய் நின்று, உங்களைப் போலவே இடமிருந்து எண்ணி எழுதினேன். போகப் போகிறவள்தானே, இந்த ஒரு தடவையாவது அவர் கணக்குப்படி இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தேன். நீங்களும் பார்த்து இந்தத் தடவைதான் எனக்கு விட்டுக்கொடுக்க வேண்டுமா? வீம்பாகவே இருந்திருந்தால் வண்டி சரியாக நின்றிருக்கும்.

முதலில் வீட்டுக்குத்தான் போன் செய்தேன். "ஹலோ, ஹலோ" என்றீர்கள். "வண்டியை எடுக்காதீங்க, எடுக்காதீங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். வைத்துவிட்டீர்கள். பிறகு நம் தெருமுனை மருந்துக்கடைக்குச் செய்தேன். "ஓடிப் போய் அவர்கிட்ட சொல்லுங்க, போன் எடுத்தா வச்சிடறார்" என்றேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "அவருக்குப் போன்ல எங்கம்மா கேக்கும்? நேர்ல பேசினாலே கேக்காதே. ரெண்டு மூணு வருஷமா நான் எழுதித்தான் காட்டறேன். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

மருந்துக்கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. கூடவே படுத்து எழுந்த எனக்குத் தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, உங்கள்மேல் அடங்காத கோபமாக இருக்கிறது, நாளைக் காலை எட்டு மணியை நினைத்தால் பயமாக இருக்கிறது. மூன்றும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த ரயிலுக்கு அறிவிப்பு கொடுக்க வேண்டியவள் விடுப்பு. நான்தான் போக வேண்டும்.

உயிரோடு இருந்தால் எழுதுங்கள்.


ஏப்ரல் 4

மைக்,

உயிரோடு இருக்கிறேன்.

மருந்துக்கடைக்காரர் சனிக்கிழமை மாலையே வந்து கதவைத் தட்டியிருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? ஞாயிறு காலை வண்டியைக் கேட் வரை கொண்டுவந்தபோது நடுவழியில் நின்றுகொண்டிருந்தார். மூன்று தடவை மிதித்து நிறுத்தினேன். அவர் வேட்டிக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. ஒரு மருந்து உறையை நீட்டினார். காலை, மதியம், இரவு என்று அச்சடித்த கட்டங்களின் மேலே எழுதியிருந்தார்: "வண்டியை எடுக்காதீங்க. காலிப்பர் பக்கம் மாறியிருக்கு. உங்க வீட்டம்மா." அந்த உறை என் சட்டைப்பையிலேயே இருக்கிறது.

நேரில் சொல்ல நினைத்ததை இப்போது எழுதித்தான் ஆக வேண்டும். உனக்குத் தெரிந்த பிறகு எழுதுவதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

ஏழு வருஷம் முன்னால் இடது காது போயிற்று. தகர மூடி அடிக்கிற இயந்திரம் என் இடப்பக்கம்தான் நின்று இரைகிறது. வலது காது கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. நீ முகத்தைப் பார்த்துப் பேசினால் வாயசைவில் பாதி பிடித்துக்கொள்வேன். மீதிக்குத் தலையாட்டுவேன். போன் அடித்தால் அதில் மின்னுகிற விளக்கைப் பார்த்து எடுப்பேன், யார் என்று தெரியாமலே வைத்துவிடுவேன். ஆனால் ஷெட்டில் நீ சீட்டில் இருப்பாய், நான் சக்கரத்தடியில். உன் வாய் தெரியாது. கடைசி மூன்று வருஷம் உன் "ஆச்சு" ஒன்றுகூட எனக்குக் கேட்டதில்லை. "அழுத்து" என்று சொல்லிவிட்டு மனசுக்குள் மூன்று எண்ணித் திறப்பேன். எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. உன் கால் நழுவுகிறவரை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு நாள் சொல்லாமல் உன் ஸ்டேஷனுக்கு வந்தேன். வீட்டில்தான் கேட்கவில்லை, அவ்வளவு பெரிய ஒலிபெருக்கியில் கேட்காமலா போகும் என்று நினைத்தேன். அதற்கு நேர் கீழே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் எழுந்து மூட்டையைத் தூக்கினார்கள். அப்போதுதான் நீ பேசியிருக்கிறாய் என்று தெரிந்தது. நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். ஒரு அம்மாள் என் தோளைத் தொட்டு ரயிலைக் காட்டினாள். பெண்டாட்டி குரலைக் கேட்க வந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். உன் தொழிலே குரல். ஊருக்கே கேட்கிற அது எனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நீ கேட்டில் மோதிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் வரவில்லை. மாட்டிக்கொண்டோம் என்ற பயத்தில் பழியைத் தூக்கி உன் மேல் போட்டேன்.

நீ சரியாகத்தான் சொன்னாய். எப்போதும் சரியாகத்தான் சொன்னாய். எனக்குத்தான் கேட்கவில்லை.

காலிப்பர் இரண்டையும் பக்கம் மாற்றி மாட்டிவிட்டேன். நிப்பிள் மேலே பார்க்கிறது. ஏர் எடுக்கவில்லை. குச்சியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன், அதைச் சுவரோரம் சாத்திவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் தனியாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. காது போனபோது வந்த நிசப்தத்தைவிட நீ போன பிறகு இருக்கிற நிசப்தம் பெரிதாக இருக்கிறது.

தகரம்


ஏப்ரல் 17

தகரத்துக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை. எழுதியதை இரண்டு தடவை கிழித்துப் போட்டேன்.

நீங்கள் முகம் கொடுக்காத நாட்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். எது கேட்காமல் போனது, எது கேட்டும் பேசாமல் இருந்தது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அம்மா செத்த வாரம் ராத்திரியெல்லாம் உங்கள் முதுகைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேனே, அது எந்தக் கணக்கு? கேட்கவில்லை என்றால் நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்? எல்லாவற்றையும் காதின் மேல் போட்டுவிட்டு நீங்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. கல்யாணமான புதிதில் உங்களுக்குக் காது நன்றாகத்தான் இருந்தது. அப்போதும் நீங்கள் பெரிய பேச்சாளர் ஒன்றும் இல்லை.

27ஆம் தேதி ஞாயிறு எனக்கு வேலை இல்லை. காலை பத்தேகால் ரயிலில் வருகிறேன், ஏர் எடுத்துக் கொடுக்க. மாலை ஐந்து நாற்பதுக்குத் திரும்ப இடம் போட்டுவிட்டேன். அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு விஷயம். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், படிக்காமல் எழுதினீர்கள் போல. சாவியைப் போட்டு வையுங்கள். சக்கரத்தடியில் உட்கார்ந்து சுவரைப் பாருங்கள். சிவந்தால் நான் அழுத்தியிருக்கிறேன், திறக்கலாம். அணைந்தால் காலை எடுத்துவிட்டேன். கால் நழுவினாலும் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். இருபது வருஷமாக அந்தச் சுவர் அங்கேயேதான் இருந்தது. காது கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதை அன்றைக்கே கண்டுபிடித்திருப்பேன்.

ஸ்டேஷனுக்கு நடந்து வாருங்கள். வண்டியில் பிரேக் இல்லை.

மைக்


மே 4

மைக்,

நீ வந்துபோன பிறகு ஆறு நாள் ஷெட்டைத் திறக்கவில்லை. இன்றைக்குத்தான் வண்டியை எடுத்தேன்.

டிஸ்க்கை உரசிப் பிடிக்கிற புது பிரேக் பேட்களை அதற்குப் பழக்க வேண்டும். கொஞ்சம் வேகம் எடு, நிறுத்து, ஆறவிடு, மறுபடி எடு. காலி ரோட்டில் இருபது தடவை செய்தேன். முதல் ஐந்தாறு தடவை ஒரு மாதிரி உராய்ந்தது. பிறகு வழிக்கு வந்துவிட்டது. பெடல் கல் மாதிரி இருக்கிறது. காலை வைத்தால் போதும், எந்தப் பக்கமும் இழுக்காமல் நேராக நிற்கிறது. கடைசியில் நம் சரிவில் கேட்டைப் பார்த்து இறக்கினேன். நீ மோதிய தூணுக்கு ஒரு வண்டி நீளம் முன்னால் நின்றது.

அன்றைக்கு ஷெட்டில் நாம் ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பத்தொரு தடவை சுவர் சிவந்தது, எண்ணினேன். முப்பத்தொரு தடவையும் நீ சொல்வது எனக்குப் புரிந்தது. நான்கு சக்கரமும் முடிந்த பிறகு தேவையில்லாமல் இன்னும் ஒரு தடவை அழுத்தினாயே, அது முப்பத்திரண்டு. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஸ்டேஷனில் ரயில் நகரும்போது ஜன்னலுக்கு உள்ளேயிருந்து என்னவோ சொன்னாய். கண்ணாடியில் வெயில் அடித்தது, வாய் தெரியவில்லை. இந்தத் தடவை நான் தலையாட்டவில்லை, அதைப் பார்த்தாயா? என்ன சொன்னாய் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். திட்டாக இருந்தாலும் எழுது.

இன்னொன்று. பெடல் எட்ட வேண்டும் என்று நீ சீட்டை முன்னால் இழுத்துப் போட்டிருந்தாய். இன்று ஏறி உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடிக்கின்றன. சீட்டுக்கு அடியில் இருக்கிற கொக்கியை இழுத்தால் பின்னால் போய்விடும். இழுக்க மனசு வரவில்லை. இருபது தடவையும் முழங்காலை மடக்கிக்கொண்டுதான் ஓட்டினேன்.

தகரம்


மே 10

தகரத்துக்கு,

ஜன்னலில் நான் சொன்னது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. "கையெல்லாம் பிரேக் ஆயில், கழுவாம சாப்பிட்டுடாதீங்க" என்றேன். தலையாட்டாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றீர்கள். பார்த்தேன்.

உங்கள் கடிதத்தை இன்று மைக் முன்னால் வைத்துப் படித்தேன், ஒரு ரயில் அறிவிப்பு இல்லாமலே வந்து நின்றுவிட்டது. மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சீட்டைப் பின்னால் தள்ளி ஓட்டுங்கள். முழங்கால் இடித்துக்கொண்டிருந்தால் அவசரத்துக்குக் கால் பெடலுக்குப் போகாது. இவ்வளவு பாடுபட்டுப் பிரேக் மாட்டி என்ன பிரயோஜனம்?

வரும்போது நான் முன்னால் இழுத்துக்கொள்கிறேன்.

மைக்